பையை வைத்துவிட்டுப் போனவர்

எங்கள் வீட்டுக் கழிப்பறையை உடைப்பதற்குக் கொத்தனார் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவரைப் பற்றி நல்லதாக ஒன்றுமே சொல்லவில்லை என்று ஆகிவிடும். உடைப்பதில் அவருக்கு இருந்த சுறுசுறுப்பை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை. நான் காபி கலந்து எடுத்து வருவதற்குள் பழைய பீங்கான் சுக்கு நூறாகிக் கொல்லையில் குவிந்து கிடந்தது.

அவசரம் எங்களுடையதுதான். அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, காரைக்காலில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தாள். "இனிமே குத்த வச்சு உட்காரவே கூடாது. வெஸ்டர்ன் போட்டுட்டு அப்புறமா வீட்டுக்கு அழைச்சுட்டுப் போங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். நெடுங்காட்டில் எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். கழிப்பறையும் ஒன்றே ஒன்றுதான். நான் பள்ளிக்கூட டீச்சர். அம்மா வருவதற்குள் முடித்துவிடவேண்டும் என்று கமோடை முதலிலேயே வாங்கி இறக்கிவிட்டு, நல்ல வேலைக்காரர் என்று ஊரில் எல்லோரும் சொன்ன இந்தக் கொத்தனாரைக் கூப்பிட்டேன். விழிதியூர்க்காரர்.

உடைத்து முடித்ததும் கைகால் கழுவிக்கொண்டு, "டீச்சர், ஒரு சின்ன வேல இருக்கு. போயிட்டு ஓடியாந்துடுறேன். பையி இங்கயே இருக்கட்டும்" என்றார். காக்கிப் பை. பிடி அறுந்துபோய் நைலான் கயிறு கட்டியிருந்தது. உள்ளே கரண்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு, உளி, சுத்தியல் எல்லாம் இருந்தன. பிழைப்புக்கான சாமானையே நம் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறாரே, இவரைவிட நம்பிக்கையான ஆள் எங்கே கிடைப்பார் என்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது. மழை வரும்போல இருந்ததால் பையை நானே தூக்கி வந்து கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

அன்றைக்கு நான் போன் செய்யவில்லை. வேலையாக இருப்பவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற நாகரிகம்! மறுநாள் காலையில் செய்தேன். ஒரு பக்திப் பாட்டு முழுவதுமாக ஒலித்து அடங்கியது. மதிய இடைவேளையில் செய்தேன், அதே பாட்டு. சாயங்காலமும் அதே பாட்டு. போகப்போக அது எனக்கு மனப்பாடமாகி, கரும்பலகையில் எழுதும்போது என்னை அறியாமல் முணுமுணுக்கத் தொடங்கினேன். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வாட்ஸ்அப்பில் "எப்ப வருவீங்க?" என்று அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. "அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், தயவுசெய்து பதில் சொல்லுங்கள்" என்று அனுப்பினேன். அதற்கும் நீல டிக். படித்துவிட்டேன் என்று சொல்கிறாராம்.

இதில் பெரிய கொடுமை, ஸ்டேட்டஸ் மட்டும் மனிதர் தவறாமல் வைப்பார். காலையில் தாமரைப்பூவோடு இனிய காலை வணக்கம். மதியம் யாரோ ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் வாழ்த்து. ஒருநாள் புதிதாகக் கட்டி முடித்த ஒரு கழிப்பறையின் படத்தையே போட்டிருந்தார். இளநீல டைல்ஸ், நடுவே பளபளவென்று வெள்ளைக் கமோடு, கீழே "பணி இனிதே நிறைவுற்றது" என்று எழுத்து. பிறத்தியார் நகையையோ புடவையையோ பார்த்து நான் பொறாமைப்பட்டது கிடையாது. அந்தக் கமோடைப் பார்த்து வயிறு எரிந்தது.

முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? "வர்றதுக்கு இல்ல டீச்சர், வேற ஆளப் பாத்துக்குங்க" என்றால் நான் என்ன கடித்தா தின்றுவிடப் போகிறேன்? சொல்லமாட்டார்கள். இந்தக் கொத்தனார் என்றில்லை, எல்லோரும் இப்படித்தான் ஆகிவிட்டார்கள். இன்வெர்ட்டர் கம்பெனிக்குப் போன் செய்தால், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு பெண் தேனாகப் பேசுகிறாள், பின்னணியில் வீணை வேறு. முக்கியம் என்றால் எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே! ஒரு கடையில் ரிசீவரை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு என்ன குழம்பு என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டிருந்ததை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து சந்தேகம் கேட்கும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டால் ஊர் சும்மா விடுமா?

இதற்கிடையில் மருத்துவமனையில் படுக்கை இல்லை என்று அம்மாவை அனுப்பிவிட்டார்கள். நடுவில் ஓட்டையும் அடியில் வாளியும் உள்ள நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்து கட்டிலருகே போட்டேன். நான் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போய் வந்தேன். அதுவும் லேசான காரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மாதா கோயில் பூசைக்குப் போய்த் திரும்பி, சொந்தபந்தத்தோடு கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது நான் தோளில் துண்டோடு நடுவே நடந்து போகவேண்டும். "வாங்க டீச்சர், இதுக்கெல்லாம் கூச்சப்படாதீங்க" என்று அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்வார். நல்ல மனசுதான். எனக்கு உயிரே போய்விடும்.

அம்மாவின் பாடு அதைவிட மோசம். அந்த வாளியை நான் எடுத்துப்போய்க் கொட்டுவதை அவளால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். காலையில் கட்டிலருகே நிரப்பி வைத்துவிட்டுப் போகும் சொம்பு, நான் பள்ளி விட்டு வரும்போது தளும்பத் தளும்ப அப்படியே மூடியிருக்கும்.

"ஏம்மா குடிக்கல?"

"தாகமே எடுக்கலடி."

உதடு வெடித்திருந்தது. மாத்திரை விழுங்க ஒரு மடக்கு குடிப்பாள், அதையும் ஏதோ கடன் வாங்குவதுபோல யோசித்து யோசித்துக் குடிப்பாள். நான் மோர் கொடுத்தேன், இளநீர் வெட்டிக் கொடுத்தேன். "வயிறு நெறஞ்சிருக்கு" என்று நகர்த்தி வைத்தாள்.

அம்பகரத்தூரிலிருந்து வேறொரு கொத்தனாரை வரவழைத்தேன். போன் செய்ததும் எடுத்தார், சொன்ன பஸ்ஸில் வந்து இறங்கினார். இவர் அல்லவோ மனிதர் என்று நினைத்துக்கொண்டே கொல்லைப்பக்கம் அழைத்துப்போனேன். கதவோரம் இருந்த பையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இது யாரு பையி?"

சொன்னேன்.

"அவரு பையா? அப்ப நான் எப்புடிங்க கை வைக்கிறது?"

"அவர்தான் வரமாட்டேங்கிறாரே!"

"பையி இருக்குல்ல டீச்சர். வந்துடுவாரு."

காபி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்து வீட்டு அக்காதான் தலையில் அடித்துக்கொண்டு விளக்கினார். "பைய ஏன் டீச்சர் வாங்கி வச்சீங்க? ஒருத்தரு கை வச்ச வேலைய இன்னொருத்தரு தொட மாட்டாங்க. உடைச்சுப் போட்டுட்டுப் பையயும் வச்சுட்டாருன்னா அது அவரு வேலைன்னு எழுதி ஒட்டுன மாதிரி. உடைச்ச கையோட பையத் தூக்கிட்டுப் போங்கன்னு சொல்லியிருக்கணும்." ஆக, அவர் நம்பிக்கையோடு விட்டுச்சென்ற அடமானம் என்று நான் மழையில் நனையாமல் காத்தது, பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கப் போடும் துண்டு. அதையும் நானே சிரித்த முகத்தோடு வாங்கிப் போட்டிருக்கிறேன்.

சரி, பை இருந்தால்தானே? அதைத் தூக்கி அம்மாவின் கட்டிலுக்கு அடியில் தள்ளி, புடவையைப் போட்டு மூடிவிட்டு, உள்ளூரிலேயே இன்னொருவரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்தார். கழிவுக்குழாயின் வாயில் சாக்கைச் சுருட்டித் திணித்து அதன்மேல் சாந்து பூசி அடைத்திருந்தது. அந்தச் சாந்தில் கட்டைவிரலால் அழுத்திய ஒரு குழி.

"இது அவரு அடைப்புல்ல?" என்றார். "அவரு மூஞ்சில நாளைக்கு முழிக்கணுங்க டீச்சர். எங்களுக்கு வேல இல்லாதப்ப அவருதான் கூப்புடுவாரு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். நாகூர்ப் பக்கத்தில் ஒருவரின் நம்பர் கிடைத்துப் பேசினேன். அவருடைய முதல் கேள்வியே "முன்னாடி யாரு பாத்தாங்க?" என்பதுதான். போனை வைத்துவிட்டேன்.

ஒருநாள் மதிய இடைவேளையில், பழக்கதோஷத்தில் கொத்தனார் நம்பரை அழுத்தினேன். பாட்டு பாதியில் நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள்! பேசியவர் கொத்தனார் இல்லை, வயதான ஒரு ஆண் குரல். நிதானமான, படித்த மனிதரின் குரல்.

"அவரு வந்துகிட்டே இருக்காரும்மா."

"ஐயா, நிஜமாவா? கிளம்பிட்டாரா?"

"வந்துகிட்டே இருக்காரு."

"நீங்க யாருங்க?"

"நான்... இங்க பக்கத்துல" என்றார் அவர். வைத்துவிட்டார்.

தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வண்டியை விரட்டி வீட்டுக்கு வந்தேன். "அம்மா, வர்றாராம்" என்று வாசலிலேயே கத்தினேன். அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்து வந்து, தெரு தெரியும்படி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். மினிபஸ் போனது. பால்காரர் போனார். ஆட்டை ஓட்டிக்கொண்டு ஒருவர் போனார். விளக்கு வைக்கும் நேரம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, "உள்ள கூட்டிட்டுப் போடி" என்றாள். அன்றைக்கு நான் கொத்தனாரைக்கூட அவ்வளவு திட்டவில்லை. வயசுக்கு மரியாதை இல்லாமல் வாய் கூசாமல் பொய் சொன்ன அந்த மனிதரைத்தான் திட்டித் தீர்த்தேன்.

அந்த வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. நீர்க்கடுப்பு. ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். "தண்ணி குடுக்குறீங்களா இல்லையா? வயசானவங்க, கிட்னியில போய் நிக்கும். படிச்சவங்கதானே நீங்க?" என்று அவர் என்னைத்தான் சத்தம் போட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, தப்புச் செய்த பிள்ளைபோல உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து சொம்பை நீட்டினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "குடிம்மா, என் கையால வாளி எடுத்தா என்னம்மா?" என்று கேட்டேன். அவள் என் கையைத் தடவிக் கொடுத்தாள்.

"கக்கூஸு முடியட்டும்டி. குடிக்கிறேன்."

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு விழிதியூருக்கே போனேன். அடைமழை. இரண்டு பக்கமும் நட்ட வயலெல்லாம் தண்ணீர் கட்டி நின்றது, எங்கே பார்த்தாலும் தண்ணீர். மழைக்கோட்டுக்குள் நான் கொத்தனாரைக் கேட்கவேண்டிய கேள்விகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். வீட்டில் அவருடைய மனைவி மட்டும் இருந்தார்.

"வாங்க டீச்சர், உள்ள வாங்க. அவரு வெள்ளன்னமே போயிட்டாரே. உங்க வீட்டுக்குத்தான்னு சொல்லிட்டுப் போனாரு."

"எங்க வீட்லேருந்துதான் நான் வர்றேன்."

"போன் போட்டுப் பாத்தீங்களா?"

என் முகத்தைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கே எடுக்கமாட்டாரு டீச்சர். எங்க அம்மா முடியாம கெடந்தப்ப ஸ்டேட்டஸப் பாத்துத்தான் எந்த ஊருல இருக்காருன்னு ஆள அனுப்புனேன்" என்றார். கேட்கவேண்டிய கேள்விகளை அவரிடமா கேட்கமுடியும்? அம்மாவுக்குத் தண்ணீர் இறங்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை காலை, மழை விட்டிருந்த நேரத்தில், வாசலில் பைக் சத்தம். கொத்தனார். இப்போதுதான் டீக்கடை வரை போய்வந்தவர்போல வெறுங்கையை வீசிக்கொண்டு உள்ளே வந்தார்.

"டீச்சர், பையி எங்க? மோட்டாரப் போட்டு விடுங்க."

எத்தனை நாள் ஒத்திகை பார்த்திருந்தேன்! பாத்திரம் கழுவும்போதும் வண்டி ஓட்டும்போதும் இவருக்காக நான் சேர்த்து வைத்திருந்த வசவுகள் கொஞ்சநஞ்சமா? என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "வாங்க வாங்க, சாப்பிட்டீங்களா?" என்றேன். சொல்லும்போதே எனக்கு என்மீது எரிச்சல் வந்தது. கோபித்துக்கொண்டால் போய்விடுவாரே! அவர் கொல்லைப்பக்கம் போனதும் சத்தமில்லாமல் வாசல் கேட்டைச் சாத்திப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வேலைக்காரர் என்று ஊர் சொன்னது பொய்யில்லை. அது வேறு கூடுதல் எரிச்சல். ரசமட்டத்தை வைத்து வைத்துப் பார்த்து, கமோடை இம்மியும் சாயாமல் நிறுத்திவிட்டார். "போல்ட்டப் போட்டு முடுக்கிட்டேன். தண்ணிக் கனெக்ஷன் குடுத்துட்டா சாயங்காலமே அம்மா உட்காரலாம்" என்றார். இவ்வளவுதான் வேலை. இந்த அரைநாள் வேலைக்காகத்தான் என் அம்மா நாக்கு வறண்டு கிடந்தாள்.

அவருடைய போன் துணி துவைக்கும் கல்லின்மேல் இருந்தது. அது அடித்துக்கொண்டே இருந்தது. இந்தப் பக்கத்தில் பாட்டு இல்லை, வெறும் கிர்ரென்ற சத்தம்தான். அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஒயிட் சிமெண்டைக் குழைக்கப் போனார். அடங்கியது. மறுபடி அடித்தது. அறையிலிருந்து அம்மா, "தம்பி, போனு அடிக்குது பாரு. பாவம், யாரோ கூப்புடுறாங்க" என்றாள்.

"கை பூரா சிமெண்டும்மா" என்றவர், என்னைப் பார்த்தார். "டீச்சர், நீங்க கொஞ்சம் எடுத்து, வந்துகிட்டே இருக்காருன்னு சொல்லிடுங்களேன்."

எடுத்தேன்.

"அண்ணே! அப்பாடா, எடுத்துட்டீங்களா!" என்றது ஒரு பெண் குரல். சின்னப் பெண்ணாகத்தான் இருக்கவேண்டும். எடுத்துவிட்டார்கள் என்ற சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது. "அப்பாவ இன்னைக்கு ஆஸ்பத்திரிலேருந்து அனுப்புறாங்கண்ணே. உடைச்சுப் போட்டது அப்புடியே கெடக்கு. உங்க பையி இங்கதான் இருக்கு, பத்திரமா வச்சிருக்கேன். நீங்க வருவீங்கன்னுதான் வேற யாரையும் கூப்புடல. கிளம்பிட்டீங்களாண்ணே?"

அந்தப் பெரியவரின் குரல் எனக்கு ஞாபகம் வந்தது. அவர் வீட்டிலும் கட்டிலில் யாரோ படுத்திருந்திருப்பார்கள்.

கொத்தனார் தண்ணீர்க் குழாயை இன்னும் மாட்டவில்லை. அம்மா வாக்கரைப் பிடித்தபடி மெல்ல நடந்து கொல்லைக் கதவு வரை வந்து, புதுக் கமோடைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் சாவி குத்தியது.

"அவரு வந்துகிட்டே இருக்காரும்மா" என்றேன்.

"நெசமாவா? நீங்க யாருங்க?"

"நான்... இங்க பக்கத்துல."

போனைக் கல்லின்மேல் வைத்தேன். "யாருடி?" என்று கேட்டாள் அம்மா. யாரோ என்றேன். அவள் கமோடையும் கொத்தனாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் உட்காரலாம்னுதானே சொன்னாரு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அந்தச் சொம்ப எடுத்துட்டு வாடி" என்றாள்.

அண்ணாந்து குடித்தாள். சொம்பைக் கீழே இறக்காமல், கழுத்து ஏறி இறங்க, தண்ணீர் வாயோரம் வழிந்து ரவிக்கை நனைய, மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, இன்னொரு சொம்பு கேட்டாள். நான் குடத்திலிருந்து மொண்டுகொண்டிருந்தபோது கல்லின்மேல் போன் மறுபடி அடித்தது. கொத்தனார் என்னைப் பார்த்தார்.

நான் எடுக்கவில்லை.